அரசாணை எண் 1517

சட்டம் படித்த எவரிடமும் ‘வி.ஜி. ராவ் வழக்கு’ என்று சொன்னால் போதும், அடிப்படை உரிமைகளின் மேல் அரசு விதிக்கக்கூடிய நியாயமான கட்டுப்பாடு என்றால் என்ன என்பதற்கான அளவுகோலை அப்படியே ஒப்பிப்பார்கள். பறிக்கப்படும் உரிமையின் தன்மை, கட்டுப்பாட்டின் நோக்கம், தடுக்க நினைக்கும் தீமையின் அளவும் அவசரமும், அந்தத் தீமைக்கும் விதித்த தடைக்கும் உள்ள பொருத்தம், அன்றைய சூழல். அந்த ராவ் யார் என்று அடுத்த கேள்வி கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான். அவர் சென்னையில் தொழில் செய்த பாரிஸ்டர். அந்த வழக்கில் அவர் வக்கீலாக அல்ல, தன் சங்கத்தை அரசு தடை செய்ததை எதிர்த்த கட்சிக்காரராக நின்றார். பழைய சென்னை ஆங்கில எழுத்துமுறையில் அவர் பெயர் அச்சானதால் ‘ரோ’ என்று படிப்பவர்களும் உண்டு. அவர் பெயரைத் தாங்கிய ‘ராவ் அண்ட் ரெட்டி’ அலுவலகம் தொழிலாளர் வழக்குகளுக்குப் பேர்போனது. பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியான கே. சந்துரு அங்கே பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். இருந்தும் ராவ் என்ற மனிதர் மறைந்து, ஒரு தீர்ப்பின் தலைப்பு மட்டும் நமக்கு மிஞ்சியிருக்கிறது.

இது வெறும் மறதி என்று விட்டுவிட மனம் ஒப்பவில்லை. கருத்துரிமை பற்றிய பேச்சுகளில் அந்தத் தீர்ப்பிலிருந்து எடுத்தாளப்படுவது பெரும்பாலும் ஒரே வரி: அடிப்படை உரிமைகளைப் பொறுத்தவரை நீதிமன்றம் விழித்திருக்கும் காவலாளி என்பது. நல்ல வரிதான். ஆனால் அது நீதிமன்றம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது. காவலாளியை எழுப்பியவர் என்ன செய்தார், எதைச் சொன்னார், அதைவிட முக்கியமாக எதைச் சொல்லாமல் விட்டார் என்பதில்தான் கருத்துரிமை வக்கீலின் தொழிலே அடங்கியிருக்கிறது. தன் சங்கம் குற்றமற்றது என்ற முடிவை ராவ் அந்த வழக்கில் பெறவில்லை. அப்படி ஒரு முடிவு இல்லாமலேயே ஜெயித்தார்.

நாற்பத்து மூன்று நாட்கள்

1950 ஜனவரி 26 அன்று அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் இறந்தார்கள். மார்ச் 1 அன்று, பம்பாயிலிருந்து வந்துகொண்டிருந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் நுழையக் கூடாது என்று அரசு ஆணையிட்டது. மார்ச் 10 அன்று பொதுத்துறையிலிருந்து அரசாணை எண் 1517 வெளியானது. ‘பீப்பிள்ஸ் எஜுகேஷன் சொசைட்டி’ சட்டவிரோதச் சங்கம் என்று அது அறிவித்தது. சங்கத்தின் பொதுச்செயலாளர் வி.ஜி. ராவ். அடிப்படை உரிமைகள் எழுத்தில் வந்து 43 நாட்கள்தான் ஆகியிருந்தன.

அந்தச் சங்கம் 1947 நவம்பரில் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் முறையாகப் பதிவானது. அறிவியலையும் குறிப்பாகச் சமூக அறிவியலையும் மக்களிடம் கொண்டுசெல்வது, அரசியல் கல்வி தருவது, இலக்கியம் கலை நாடகம் வளர்ப்பது ஆகியவை அதன் அறிவிக்கப்பட்ட நோக்கங்கள். அரசு கையில் எடுத்ததோ 1908ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டம், அதாவது தேசிய இயக்கத்தை ஒடுக்க வெள்ளையர் அரசு வைத்திருந்த அதே ஆயுதம். சட்ட நிர்வாகத்திலும் சட்டம் ஒழுங்கைப் பேணுவதிலும் தலையிடுவதே சங்கத்தின் நோக்கம், பொது அமைதிக்கு அது ஆபத்து என்று அரசு ‘கருதுகிறது’ என ஆணை சொன்னது. எந்தக் கூட்டம், எந்தப் பிரசுரம், எந்தச் செயல் என்று ஒன்றும் இல்லை. ஆணையின் நகல் ராவுக்கும் தரப்படவில்லை, வேறு எந்த நிர்வாகிக்கும் தரப்படவில்லை. இப்படி அறிவிக்கப்பட்ட சங்கத்தில் உறுப்பினராக நீடிப்பதே குற்றம். சங்கத்தின் இடத்தையும் பணத்தையும் பொருட்களையும் அரசு எடுத்துக்கொள்ளவும் அந்தச் சட்டத்தில் வழி இருந்தது.

மனுவில் எதைக் கேட்பது

ஏப்ரல் 10 அன்று ராவ் சென்னை உயர் நீதிமன்றத்தில் அரசமைப்புச் சட்டத்தின் 226ஆவது பிரிவின்கீழ் ரிட் மனு, அதாவது அரசின் செயலை எதிர்த்து நேரடியாகப் போடும் மனு, போட்டார். அவருக்கு முன்னால் மூன்று பாதைகள் இருந்திருக்கும். ‘எங்கள் சங்கம் கல்வி தருகிற சங்கம், அமைதிக்கு எந்தக் கேடும் செய்யவில்லை’ என்று உண்மையைக் கொண்டு வாதாடுவது ஒன்று. அரசு கெட்ட நோக்கத்தோடு பழிவாங்குகிறது என்பது இரண்டாவது. மூன்றாவது பாதை வேறு மாதிரியானது: எங்கள் சங்கம் எப்படிப்பட்டதாகவும் இருக்கட்டும், ஒரு சங்கத்தை இந்த முறையில் மூட அரசுக்கு அதிகாரம் தரும் அந்தப் பிரிவே 19ஆவது பிரிவு தரும் சங்கம் அமைக்கும் உரிமையை மீறுகிறது என்பது. வழக்கு இந்த மூன்றாவதின் மேல்தான் நின்றது. இந்தத் தேர்வை நான் அந்த வழக்கின் திருப்புமுனை என்பேன்.

முதல் பாதை ஏன் பொறி என்பதை அரசின் பதில் மனுவே காட்டியது. 1949 ஆகஸ்டில் சென்னை மாகாணத்தில் தடை செய்யப்பட்ட கம்யூனிஸ்ட் கட்சிக்கு இந்தச் சங்கம் உதவுகிறது, செயலாளர் வழியாகச் சங்கப் பணம் கட்சிப் பிரச்சாரத்துக்குப் போகிறது என்று அரசின் துணைச் செயலாளர் ஒருவர் அதில் சொன்னார். ஆணையில் இல்லாத காரணம், நீதிமன்றத்துக்கு வந்த பிறகு முளைத்தது. உண்மையைக் கொண்டு வாதாடியிருந்தால் வழக்கு முழுவதும் ரசீது, வரவுசெலவு, ராவின் அரசியல் என்று திசைமாறியிருக்கும். ரிட் வழக்கில் சாட்சி விசாரணை கிடையாது. உறுதிமொழிப் பத்திரத்துக்கு எதிராக இன்னொரு உறுதிமொழிப் பத்திரம் நின்றால், உண்மை நிலை சர்ச்சைக்குரியது என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொள்ள வசதியாகிவிடும். நல்ல வழக்குகள் பல இன்றும் சாவது இங்கேதான். தடைசெய்யப்பட்ட பேச்சு நல்ல பேச்சு என்று நிரூபிக்கும் பாரத்தை வக்கீல் தானாகத் தலையில் ஏற்றிக்கொள்கிறார். பிறகு அந்தப் பேச்சு நீதிபதிக்குப் பிடிக்காவிட்டால் எல்லாம் முடிந்தது.

வழக்கு நிலுவையில் இருக்கும்போதே, 1950 ஆகஸ்டில், அரசு சட்டத்தைத் திருத்தியது. காரணத்தைக் குறிப்பிட்டே அறிவிக்கை வெளியிட வேண்டும், அதை ஓர் ஆலோசனைக் குழுவின் முன் வைக்க வேண்டும், போதிய காரணமில்லை என்று குழு சொன்னால் அரசு ரத்து செய்ய வேண்டும் என்ற புது ஏற்பாடுகள் சேர்ந்தன. முன்பு வெளியான அறிவிக்கைகளும் திருத்திய சட்டத்தின்கீழ் வந்தவையாகவே கொள்ளப்படும் என்றும் எழுதிக்கொண்டார்கள். ஆட்டத்தின் நடுவே எல்லைக்கோட்டை நகர்த்திய வேலை அது. ஆனால் மனு சட்டப் பிரிவையே குறிவைத்திருந்ததால் இந்த நகர்வு அதைச் சாய்க்கவில்லை. பி.வி. ராஜமன்னார், சத்தியநாராயண ராவ், விசுவநாத சாஸ்திரி ஆகிய மூவர் அமர்வு செப்டம்பர் 14 அன்று மனுவை ஏற்றது. காரணங்களை மூவரும் தனித்தனியே எழுதினார்கள், முடிவில் ஒன்றுபட்டார்கள்.

மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி 1952 மார்ச் 31 அன்று எழுதிய தீர்ப்பு ஐந்து நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்பு. ஆலோசனைக் குழுவோடு கூடிய வெளியேற்ற ஆணைச் சட்டம் ஒன்றை என்.பி. கரே வழக்கில் 1950இல் இதே நீதிமன்றம் ஏற்றிருந்தது. அதையே அரசு பிடித்துக்கொண்டது. நீதிமன்றம் இரண்டையும் பிரித்துக் காட்டிய விதம் இன்றும் பாடமாக வைக்கத் தக்கது. ஒருவரை ஊரைவிட்டு வெளியேற்றும் ஆணை, இனி நடக்கக்கூடியதை முன்கூட்டித் தடுப்பது. சந்தேகத்தின் மேல் நிற்பதால் அதை நீதிமன்ற விசாரணையில் சோதிப்பது கடினம். சங்கத்தை மூடச் சொல்லப்படும் காரணங்களோ, தலையிட்டது, குலைத்தது என்று நடந்த செயல்களைப் பற்றியவை. நடந்ததை விசாரிக்க முடியும். விசாரிக்கக்கூடிய ஒன்றை விசாரணையிலிருந்து விலக்கி, அரசின் சொந்தத் திருப்தியை வைத்து, கூடவே ஒரு குழுவையும் ஒட்டிவைப்பது மிக அரிதான சூழ்நிலைகளில், மிகக் குறுகிய எல்லைக்குள் மட்டுமே நியாயமாக முடியும் என்றது தீர்ப்பு. அடுத்த குறை, தகவல் தராதது. சங்கத்தின் கதவில் ஒட்டக்கூட ஏற்பாடில்லை, அரசிதழில் வந்தால் போதும் என்றது சட்டம். அரசிதழை யார் படிக்கிறார்கள்? அதைப் பார்க்காத உறுப்பினர் தனக்கே தெரியாமல் குற்றவாளியாகிறார், ஆட்சேபம் சொல்ல வேண்டிய காலமும் அவருக்குத் தெரியாமலே கடந்துவிடுகிறது.

சங்கப் பணம் கட்சிக்குப் போனதா என்ற கேள்வியின் மேல் அந்தத் தீர்ப்பு நிற்கவே இல்லை.

தோற்ற வழக்கில் ஜெயித்த ஒரு பிரிவு

ராவின் முறையைப் புரிந்துகொள்ள இன்னொரு வழக்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தடுப்புக்காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் மனுவை உச்ச நீதிமன்றத்தில் எம்.கே. நம்பியார் வாதாடினார். அவருடன் ஆஜரான வக்கீல்கள் பட்டியலில் ராவின் பெயரும் உண்டு. 1950 மே 19 அன்று அந்த வழக்கு தோற்றது. சட்டம் வகுத்த நடைமுறை என்று ஒன்று இருந்தால் போதும், அது நியாயமானதா என்று, உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் 21ஆவது பிரிவின்கீழ் நீதிமன்றம் பார்க்காது என்றது பெரும்பான்மை. ஆனால் அதே வழக்கில் தடுப்புக்காவல் சட்டத்தின் 14ஆவது பிரிவு விழுந்தது. காவலுக்கான காரணத்தை நீதிமன்றத்திடம்கூட வெளியிடக் கூடாது என்ற பிரிவு அது. ஆள் வெளியே வரவில்லை. காரணத்தை மறைக்கும் பூட்டு மட்டும் உடைந்தது.

இரண்டு வழக்குகளுக்கும் நடுவே இருந்த வேறுபாடு ஒரே சொல். 21ஆவது பிரிவில் ‘நியாயமான’ என்ற சொல் கிடையாது. சங்க உரிமைக்கு வரம்பு கட்டும் 19(4)இல் அது இருந்தது. அந்தச் சொல் இருந்த இடத்தில்தான் நீதிமன்றம் உள்ளே கால் வைக்க முடிந்தது. எந்த உரிமையின் பெயரில் வழக்குப் போடுகிறோம் என்பது அலங்காரமான தேர்வு அல்ல என்பதை இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் யாரும் உணரலாம்.

பேச்சுரிமையின் கதை இதைவிட விசித்திரமானது. ‘கிராஸ் ரோட்ஸ்’ தடையை எதிர்த்து ரொமேஷ் தாப்பர் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போய் 1950 மே 26 அன்று ஜெயித்தார். அன்றைய 19(2)இல் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களில் பொது ஒழுங்கு இல்லை, நாட்டின் பாதுகாப்புதான் இருந்தது. அந்த வெற்றிக்குப் பதிலடியாக 1951 ஜூனில் முதல் அரசமைப்புத் திருத்தம் வந்து பொது ஒழுங்கைச் சேர்த்தது. பத்திரிகைகளுக்கு அது பெரிய அடி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதே திருத்தம், அதுவரை 19(2)இல் இல்லாத ‘நியாயமான’ என்ற சொல்லையும் உள்ளே கொண்டுவந்தது. சொல் வந்துவிட்டது, அதற்கு அளவு இல்லை. ஒன்பது மாதம் கழித்து, சங்க உரிமை பற்றிய ராவ் வழக்கு அந்த அளவைத் தந்தது. அதற்குப் பின் பேச்சுக்கும் எழுத்துக்கும் சினிமாவுக்கும் விதிக்கப்படும் எந்தக் கட்டுப்பாட்டையும் அந்த அளவுகோலால் அளக்க முடிந்தது. ஒரு கல்விச் சங்கத்தின் வழக்கு கருத்துரிமைச் சட்டத்தின் நடுத்தூணாக ஆனது இப்படித்தான்.

ராவின் சொந்தச் சண்டை அதோடு ஓயவில்லை. கடவுச்சீட்டு தொடர்பாக அவரே தொடுத்த வழக்கு 1954ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. அங்கே பெயர் முன்பின்னாக மாறியிருக்கும்: ‘வி.ஜி. ராவ் எதிர் சென்னை மாநிலம்’.

ஒரு தடையாணையைப் படிக்கும் முறை

அரசாணை 1517ஐ எதிர்த்த விதத்திலிருந்து ஒரு படிப்பு முறையை எடுக்கலாம். இன்றைக்கு ஒரு புத்தகமோ கூட்டமோ அமைப்போ தடைசெய்யப்பட்டால் முதலில் தேட வேண்டியது ஆணையின் சான்றிட்ட நகல். செய்தித்தாளில் வந்ததை வைத்து மனு எழுதக் கூடாது. நகலில் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் போக வேண்டிய இடமும் கெடுவும் அதைப் பொறுத்தவை. புத்தகம் பறிமுதல் என்றால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 95ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 98ஆவது பிரிவு. அரசு தன் கருத்துக்கான காரணங்களை அறிவிக்கையிலேயே சொல்லியாக வேண்டும். அதை எதிர்க்க அரசிதழில் வெளியான நாளிலிருந்து இரண்டு மாதம்தான். மனு உயர் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட சிறப்பு அமர்வின் முன் போகும். இந்த இரண்டு மாதத்தைக் கண்டனக் கூட்டங்களிலும் கையெழுத்து இயக்கங்களிலும் கரைத்துவிடுகிறவர்கள் உண்டு.

அடுத்து, காரணம் என்று ஆணையில் எழுதியிருப்பது உண்மையில் காரணமா, சட்டப் பிரிவின் சொற்களைத் திருப்பி எழுதியதா என்று பார்க்க வேண்டும். ‘பொது அமைதிக்கு ஆபத்து’ என்பது முடிவு. எந்தப் பக்கம், எந்த வாக்கியம், எங்கே என்ன நடந்தது என்பதுதான் காரணம். பிறகு பதில் மனு வந்ததும் அதை ஆணையோடு பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிட வேண்டும். ஆணையில் இல்லாத புதுக் காரணத்தை உறுதிமொழிப் பத்திரத்தால் பின்னர் ஒட்டவைக்க முடியாது என்பதை மொகிந்தர் சிங் கில் வழக்கில் 1977இல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. ராவுக்கு எதிராகத் துணைச் செயலாளர் செய்தது அதைத்தான். கடைசியாக, ஆணையை மட்டும் எதிர்ப்பதா, அதற்கு அதிகாரம் தந்த பிரிவையும் எதிர்ப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். ஆணையை மட்டும் ரத்து செய்ய வைத்தால் அரசு குறையைத் திருத்தி அடுத்த வாரமே புது ஆணை போடலாம். பிரிவை எதிர்ப்பது நீண்ட பாதை, தோற்றால் எல்லோருக்கும் சேர்த்துத் தோற்ற மாதிரி ஆகிவிடும். அதனால் எல்லா வழக்கிலும் அதைச் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

சங்கத் தடைகளில் இன்றைய நிலையையும் சொல்ல வேண்டும். சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின்கீழ் ஓர் அமைப்பைத் தடை செய்தால் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரே அமரும் தீர்ப்பாயத்துக்கு 30 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும், தீர்ப்பாயம் 6 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அது உறுதிசெய்யும்வரை தடை அமலுக்கு வராது என்பது பொது விதி. காரணத்தைச் சோதிக்கும் இடம் வேண்டும் என்ற ராவ் வழக்கின் கோரிக்கைக்கு இது உருவம் தந்தது என்று மகிழலாம். ஆனால் எழுத்தில் காரணம் பதிந்தால் உடனடியாக அமலாக்கலாம் என்று ஒரு விலக்கையும் அதே பிரிவில் வைத்திருக்கிறார்கள். விலக்கே வழக்கமாகும்போது பொது விதி காகிதத்தோடு நின்றுவிடுகிறது.

எண் இல்லாத ஆணை

தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குகளே இந்த வழியில் தொடர்ந்து வந்திருக்கின்றன. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்துக்கான சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, கலவரம் வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்தை அடக்க முடியாது, அரசால் கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை என்பது சாக்காகாது என்று 1989இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை ‘நக்கீரன்’ வெளியிடக் கூடாது என்று சிறைத்துறைத் தலைவர் கடிதம் எழுதியதற்கு, வெளியாகும் முன்பே தடுக்க அதிகாரிகளுக்கு அதிகாரமில்லை என்று 1994இல் பதில் கிடைத்தது. ஒரு வழக்கில் சான்றிதழ், மற்றதில் கடிதம். கையில் பிடித்துக் கிழிக்க ஏதோ ஒரு காகிதம் இருந்தது.

2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் நடந்ததை நினைக்கும்போதுதான் மனம் கனக்கிறது. ‘மாதொருபாகன்’ நாவலுக்காக பெருமாள்முருகனை மாவட்ட நிர்வாகத்தினர் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’க்கு அழைத்தார்கள். நிபந்தனையற்ற மன்னிப்பும், விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறும் உறுதியும் எழுதிய தாளில் அவர் கையெழுத்துப் போட்டார். அரசாணை இல்லை, பிரிவு இல்லை, அரசிதழ் இல்லை. தடை விதித்தவர் என்று யாருமே இல்லை. எழுத்தாளர் தானே முன்வந்து விட்டுக்கொடுத்தார் என்பதுதான் ஆவணத்தின்படி நடந்தது. ராவின் முறை முதலில் கேட்கும் கேள்விக்கே, அதாவது எந்த அதிகாரத்தின்கீழ் என்பதற்கே, இங்கே பிடி கிடைக்கவில்லை. அந்தப் பேச்சுவார்த்தை முடிவு எவரையும் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலை 5 அன்று அறிவித்தது. அந்த நிம்மதி கிடைக்கவே ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு ஆனது. இடையில் ஓர் எழுத்தாளர் எழுத்தையே விட்டிருந்தார்.

அதனால் இன்று அரங்கு ரத்தானாலும், காவல் நிலையத்திலிருந்து ‘கூட்டம் வேண்டாம் சார்’ என்று போன் வந்தாலும், வக்கீலின் முதல் வேலை மனு எழுதுவது அல்ல, ஒரு காகிதத்தை உண்டாக்குவது. அனுமதிக்கான விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்க வேண்டும். மறுப்பு வாய்மொழியாக வந்தால் அன்றே, ‘இன்ன தேதியில் இன்ன நேரத்தில் தாங்கள் தொலைபேசியில் இவ்வாறு தெரிவித்தீர்கள், எந்தப் பிரிவின்கீழ் என்பதை எழுத்தில் தரவும்’ என்று பதிவுத் தபாலில் கேட்க வேண்டும். சென்னை என்றால் மாநகரக் காவல் சட்டத்தின் 41ஆவது பிரிவு, மற்ற இடங்களில் காவல் சட்டத்தின் 30(2) பிரிவு என்று ஏதாவது ஒரு பதில் வரும், அல்லது பதிலே வராது. பதில் வராததையும் ஆவணமாக்கலாம். பேச்சுவார்த்தைக்கு அழைத்தால் தனியாகப் போகக் கூடாது, வாசித்துப் பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது, கையெழுத்திட்டே ஆக வேண்டிய நிலை வந்தால் அந்தத் தாளின் நகலை வாங்காமல் அறையை விட்டு வெளியே வரக் கூடாது. ராவுக்கு நகல் தராமல் விட்டதே அந்த அரசாணையின் பெரிய ஓட்டைகளில் ஒன்றாக ஆனது. ஆனால் அவர் கையில் எதிர்ப்பதற்கு 1517 என்ற ஓர் எண் இருந்தது.